சிவப்புக் குறி விழாத நகர்த்தல்

(பனமலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்த ஊர்க் குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயிலை எழுப்பிய ராஜசிம்ம பல்லவன்தான் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் எழுப்பினான். அதே மாமல்லபுரத்தில் 2022-ஆம் ஆண்டு 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது உங்கள் நினைவில் இருக்கும். அதில் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றவர் சென்னையைச் சேர்ந்த டி. குகேஷ்; அப்போது அவருக்கு வயது 16. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவை எதிர்த்து ஆடினார். வெற்றி நிலை கைக்கு வந்துவிட்டது. ஆனால் நேர நெருக்கடியில் நகர்த்தல் பிசகி, அந்த ஆட்டத்தில் தோற்றார். உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம் போனது. குகேஷ் ஆடிய இந்திய இரண்டாம் அணிக்கு வெண்கலம் கிடைத்தது. அன்று கைப்பேசியில் எஞ்சின் என்ற செஸ் கணிப்பு நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும், எந்த நகர்த்தலில் வெற்றி கைநழுவியது என்பது அந்த நொடியே தெரிந்தது. அவர்களுக்குத் தெரிந்தது என்ன, தெரியாமல் போனது என்ன என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஆடி முடித்த ஆட்டத்தில் தவறு தேடுவதற்கு இன்று நம் பிள்ளைகளிடம் இருக்கும் கருவி அசாத்தியமானது. அந்தக் கருவி தவறின் விலையைச் சொல்கிறது. தவறு எது என்பதை அது சொல்வதில்லை. அதை ஆடியவரேதான் தேடிப் பிடிக்க வேண்டும். இதுதான் என் வாதம்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். பலகையில் ஒரு நிலையைக் கொடுத்தால், அதிலிருந்து கிளைவிடும் நகர்த்தல்களை லட்சக்கணக்கில் துழாவி, கடைசியில் ஓர் எண்ணைத் தரும். சிப்பாய்தான் அந்த எண்ணுக்கு அளவுகோல். ஒன்று என்றால், ஏறத்தாழ ஒரு சிப்பாய் அளவுக்கு வெள்ளைக்குச் சாதகம். பூஜ்யம் என்றால் சமநிலை. நீங்கள் ஒரு காயை நகர்த்துவதற்கு முன் இருந்த எண்ணையும் நகர்த்திய பின் வந்த எண்ணையும் ஒப்பிட்டு, கொஞ்சம் சரிந்தால் துல்லியக் குறைவு என்றும், கூடுதலாகச் சரிந்தால் தவறு என்றும், பெரிதாகச் சரிந்தால் பிளண்டர் என்றும் லிசெஸ், செஸ்.காம் போன்ற தளங்கள் வண்ணக் குறி போடுகின்றன. கடைசியில் சதவீதத்தில் ஒரு துல்லிய மதிப்பெண்ணும் வந்துவிடும். இந்தக் கணக்கில் எங்கும் நீங்கள் இல்லை. நீங்கள் எதைப் பார்த்தீர்கள், எதற்குப் பயந்தீர்கள், கடிகாரத்தில் எத்தனை நிமிடம் மிச்சம் இருந்தது, எதிராளியின் எந்த மிரட்டலை மறந்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. தெரியவும் வழியில்லை. இரண்டு எண்களைக் கழித்து விடை சொல்கிறது, அவ்வளவுதான்.

இது வெறும் தத்துவப் பேச்சு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதனால் உலகமே பார்த்த ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். வெள்ளைக் காய்களுடன் டிங் லிரென், கறுப்புடன் குகேஷ். இருவருக்கும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. ஐம்பது நகர்த்தல் தாண்டியபோது பலகையில் ஆளுக்கு ஒரு யானையும் ஒரு பிஷப்பும் இருந்தன. பிஷப் இரண்டும் வெள்ளைக் கட்டத்தில் ஓடுபவை. குகேஷுக்கு இரண்டு சிப்பாய், டிங்குக்கு ஒன்று. எஞ்சின் விடாமல் சமநிலை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்து, யானைக்கு யானை வெட்டிக்கொள்ளலாம் என்று கேட்டார். எஞ்சினின் எண் சட்டென்று கறுப்பின் பக்கம் சரிந்தது. குகேஷ் யானையை வெட்டினார், டிங் ராஜாவால் திருப்பி வெட்டினார், குகேஷ் தன் பிஷப்பை டி5-இல் கொண்டுவந்து நிறுத்தினார். பிஷப்பும் பிஷப்பும் வெட்டுப்படுவதைத் தவிர வேறு வழியில்லை. மிச்சம் இருப்பது ராஜாவும் சிப்பாய்களும் மட்டும். அந்த முடிவாட்டத்தில் இரண்டு சிப்பாய் உள்ளவர் வெல்வார். ஐம்பத்தெட்டாவது நகர்த்தலில் டிங் ஆட்டத்தைக் கைவிட்டார். பதினெட்டு வயதில் குகேஷ் உலகச் சாம்பியன்.

எந்தத் தளத்தில் அந்த ஆட்டத்தைத் திறந்தாலும் ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் சிவப்புக் குறி நிற்கும். சரிதான். ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். ஐம்பத்து மூன்றாவது நகர்த்தலில் டிங் தன் பிஷப்பை பி7-இலிருந்து ஏ8-க்கு, பலகையின் மூலைக்கு நகர்த்தினார். அந்த நகர்த்தலில் எந்தக் குறியும் இல்லை. நிலை அப்போதும் சமம்தான். எஞ்சினின் கணக்குப்படி எதுவும் குறையவில்லை. குகேஷின் யானை தாக்கியதால் பிஷப் பி7-ஐ விட்டு விலகத்தான் வேண்டும்; ஆனால் மூலைக்குப் பதிலாக சி6-க்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யானைகள் வெட்டுப்பட்டு, குகேஷின் பிஷப் டி5-க்கு வந்து எதிரில் நின்றாலும், டிங்கின் பிஷப்புக்கு பி5, டி7 என்று இன்னொரு பாதை திறந்திருக்கும், விலகிப் போயிருக்கலாம். மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு மூலைவிட்டப் பாதைதான். அந்தப் பாதையின் நடுவில் எதிராளியின் பிஷப் வந்து உட்கார்ந்ததும் கதவு சாத்தப்பட்டுவிட்டது. ஆக, ஐம்பத்தைந்தில் வெடித்ததற்கு மருந்து கிட்டித்தது ஐம்பத்து மூன்றில். அந்த நகர்த்தல் தோற்கடிக்கும் நகர்த்தல் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோல்வி சாத்தியமாகும்படி பலகையை மாற்றி வைத்தது அதுதான். தன் ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்கும் ஒரு மாணவர், 'யானையை எஃப்2-இல் வைத்தது பிளண்டர்' என்று எழுதிவிட்டு நோட்டை மூடினால், அடுத்த முறையும் தன் பிஷப்பை மூலையில் கொண்டுபோய் வைப்பார். 'என் பிஷப்புக்கு ஒரே பாதைதான் மிஞ்சியிருந்தது, அதைக் கவனிக்காமல் காய் வெட்டுக்குப் போனேன்' என்று எழுதுபவர்தான் எதையோ கற்றுக்கொண்டவர்.

இன்னொன்றையும் அந்த ஆட்டம் காட்டுகிறது. எஞ்சின் சமநிலை என்று சொல்லும்போது நாம் அதை அமைதி என்று எடுத்துக்கொள்கிறோம். ராஜாவும் ராஜாவும் மட்டும் நிற்கும் பலகைக்கும் அதே பூஜ்யம்தான். ஒருவர் சரியான நகர்த்தலைத் தேடித் தேடித் தப்பிக்க வேண்டிய நிலைக்கும் அதே பூஜ்யம்தான். சிங்கப்பூர் முடிவாட்டத்தில் இழப்பதற்கு இருந்தது டிங் ஒருவருக்குத்தான். ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷ் ஆபத்தில்லாமல் அலையலாம், அழுத்தலாம், காத்திருக்கலாம். கடிகாரத்திலும் குகேஷிடம் நேரம் மிகுதியாக இருந்தது, டிங்கிடம் குறைவாக. முன்னாள் சாம்பியன் கிராம்னிக் அந்தத் தவற்றைச் சிறுபிள்ளைத்தனமானது என்று கடிந்துகொண்டார். நான் அதை ஏற்கவில்லை. மணிக்கணக்காகக் காத்துக் களைத்த ஒருவர், காய்களைக் குறைத்துவிட்டால் டிரா உறுதி என்று நம்பிச் செய்த நகர்த்தல் அது. யானைகளை வெட்டிக்கொண்டால் நிம்மதி என்ற ஆசையே அந்தத் தவற்றின் வேர். பூஜ்யம் என்ற எண் அந்த ஆசையைக் காட்டாது. அந்த நகர்த்தலைக் கண்டதும் குகேஷுக்கும் உடனே விளங்கவில்லை, வேறு நகர்த்தலுக்குப் போக இருந்தவர் சற்றுக் கழித்துத்தான் பிஷப் சிக்குவதைக் கண்டார் என்று அவரே சொல்லியிருக்கிறார். வீட்டில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை.

நம் விஸ்வநாதன் ஆனந்த் ஆட்டத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். இது இன்னும் கூர்மையானது. 2014 நவம்பர், ரஷ்யாவின் சோச்சி. கார்ல்சனோடு நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டம். இருபத்தாறாவது நகர்த்தலில் கார்ல்சன் தன் ராஜாவை டி2-க்கு நகர்த்தினார். பெரிய பிழை. ஆனந்தின் குதிரை ஈ5-இல் இருந்த சிப்பாயை வெட்டியிருந்தால், யானைக் கோடும் திறந்திருக்கும். வெள்ளை யானையை வெட்டினாலும் குதிரை சி4-இல் இன்னொரு சிப்பாயைச் செக்கோடு வெட்டி, மறுபடி ஒரு செக் வைத்துவிட்டு, சாவகாசமாக யானையைத் திரும்ப எடுத்திருக்கலாம். இரண்டு சிப்பாய் லாபம். ராஜா டி2-இல் வந்து நின்றதால்தான் சி4-இல் செக் கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள். கார்ல்சனுக்குத் தன் பிழை உடனே தெரிந்துவிட்டது. ஆனந்தோ, ஒரு நிமிடம் போல யோசித்துவிட்டு, ஏ4-க்குச் சிப்பாயைத் தள்ளினார். ஆட்டம் போயிற்று. எஞ்சின் இருவருக்கும் அடுத்தடுத்து சிவப்புக் குறி போடுகிறது. அதன் கண்ணுக்கு இரண்டும் ஒரே இனம். உண்மையில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கார்ல்சன் செய்தது தன் ராஜாவின் கட்டத்தைச் சரிபார்க்காத பிழை. ஆனந்துக்கு நேர்ந்தது வேறு: நிலை கொஞ்சம் மோசமாக இருந்ததால் தற்காப்பிலேயே மனம் பதிந்துவிட்டது, எதிராளி பரிசு தருவார் என்று எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்க்காதபோது பரிசு கண்ணில் படுவதில்லை என்ற பொருளில் அவரே பின்னர் விளக்கினார். ஒருவர் பயிற்சி செய்ய வேண்டியது, காயை வைக்கும் முன் எதிராளியின் செக்குகளைப் பார்ப்பதை. மற்றவர் பயிற்சி செய்ய வேண்டியது, எதிராளியின் ஒவ்வொரு நகர்த்தலையும் 'இதனால் எது காவல் இழந்தது' என்று புதிதாகக் கேட்பதை. ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவருக்கே இந்த வேறுபாடு முக்கியம் என்றால், மாவட்டப் போட்டி ஆடும் பிள்ளைக்கு எவ்வளவு முக்கியம்!

மனிதர் எப்படி யோசிக்கிறார் என்பது தெரியாமல் தவறைப் பிரிக்க முடியாது என்பதை எஞ்சின்களுக்கு முன்பே ஒருவர் உணர்ந்திருந்தார். நெதர்லாந்து உளவியலாளர் அட்ரியான் டி குரூட், தேர்ந்த ஆட்டக்காரர்களையும் சாதாரண ஆட்டக்காரர்களையும் ஒரே நிலையின் முன் உட்காரவைத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் செய்து எழுதிக்கொண்டார். 1946-இல் அது நூலாக வந்தது. பெரிய ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட வெகு தூரம் முன்னால் பார்க்கிறார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. அவர் கண்டது அப்படி இல்லை. தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, பார்க்கத் தகுந்த நகர்த்தலைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். அப்படியென்றால், ஒரு பிள்ளையின் தவறு பெரும்பாலும் கணக்கின் நீளத்தில் இல்லை. எதைப் பார்க்கத் தேர்ந்தெடுத்தது என்பதில் இருக்கிறது. அதை அறிய, பிள்ளை என்ன பார்த்தது என்ற பதிவு வேண்டும். எஞ்சினிடம் அந்தப் பதிவு இல்லை. ஆடிய பிள்ளையின் தலையில் மட்டும் இருக்கிறது, அதுவும் சில மணி நேரத்துக்குத்தான். எஞ்சினைத் திறந்து சரியான விடையைப் பார்த்துவிட்டால், 'எனக்கும் அது தோன்றியது' என்று மனம் கதை மாற்றிக்கொள்ளும்.

அதனால் வரிசை முக்கியம். ஆட்டத்தின்போது ஸ்கோர்ஷீட்டில் யோசனைகளைக் குறித்துவைக்க, சர்வதேசச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி அனுமதிப்பதில்லை; ஆனால் நகர்த்தல்களோடு கடிகார நேரத்தை எழுத அனுமதி உண்டு. பல பிள்ளைகளுக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் எழுதுவதில்லை. ஐந்து நகர்த்தலுக்கு ஒரு முறை நேரத்தை ஓரத்தில் எழுதினால் போதும். பிறகு ஆட்டம் முடிந்த அன்றைக்கே, கைப்பேசியைத் திறப்பதற்கு முன், எங்கே திணறினோம், எந்த நகர்த்தலுக்கு எது மாற்றாகத் தோன்றியது, ஏன் அதை விட்டோம், எதிராளியின் எந்த நகர்த்தல் அதிர்ச்சி தந்தது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகு எஞ்சின். இப்போது அது போடும் சிவப்புக் குறிக்கு எதிரே உங்கள் கையெழுத்தில் ஒரு வாக்கியம் இருக்கும். பதினெட்டாவது நகர்த்தலில் குறி விழுகிறது. உங்கள் ஓரக் குறிப்போ பதினைந்தாவது நகர்த்தலுக்கு இருபத்திரண்டு நிமிடம் செலவானதைக் காட்டுகிறது. தவறு தொடங்கிய இடம் அங்கே தெரிகிறது. எஞ்சின் குறி போடாத இடத்தில் உங்கள் நோட்டில் 'இங்கே பயந்துபோய்க் குதிரையைப் பின்னால் எடுத்தேன்' என்று இருந்தால், அந்த இடமும் ஆராயத் தக்கதுதான். இப்படிப் பத்து ஆட்டங்களுக்கு எழுதிவிட்டால், ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வருவது தானாகவே கண்ணில் படும்.

குகேஷின் முதல் ஆண்டுகள் இதற்குச் சாட்சி. கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னாவிடம் பயின்ற காலத்தில், கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை எட்டும் வரை அவர் எஞ்சின் இல்லாமலேயே பயிற்சி செய்தார் என்பது வெளிப்படையாகப் பேசப்பட்ட செய்தி. 2019 ஜனவரியில், பன்னிரண்டரை வயதில் அந்தப் பட்டம் கிடைத்தது. இங்கே ஒரு மறுப்பு எழும்: இன்று அவரும் எஞ்சினோடுதான் உழைக்கிறார், சிங்கப்பூருக்குப் போலந்துப் பயிற்சியாளர் கஜெவ்ஸ்கியின் குழுவோடுதான் போனார், அப்படியிருக்கப் பிள்ளைகளை ஏன் தள்ளி நிற்கச் சொல்கிறீர்கள்? தள்ளி நிற்கச் சொல்லவில்லை. தொடக்க நகர்த்தல்களைத் தயாரிக்க எஞ்சின் தேவை. எதிராளியும் அதைத்தான் பயன்படுத்துகிறார். ஆனால் அது தயாரிப்பு. நான் பேசுவது சொந்தத் தவறை ஆராய்வது. அதே குகேஷ், சிங்கப்பூர் போட்டிக்கு முன் மனப் பயிற்சியாளர் பேடி அப்டனோடும் உழைத்தார். எஞ்சினின் எண்ணில் எல்லாம் அடங்கிவிடும் என்று அந்த அணி நினைத்திருந்தால், அவருக்கு அங்கே வேலை இருந்திருக்காது.

இன்னொரு மறுப்பு அறிவியல் பக்கத்திலிருந்து வருகிறது. ஸ்லோவீனியாவின் மதேய் குயித், இவான் பிராட்கோ ஆகிய இருவரும் 2006-இல் கிராஃப்டி என்ற எஞ்சினைக் கொண்டு பழைய உலகச் சாம்பியன்களின் ஆட்டங்களை அளந்தார்கள். தவறு மிகக் குறைந்தவராகக் கபபிளாங்கா வந்தார். எஞ்சின் சாம்பியன்களையே தரம் பிரிக்கும்போது மாணவரின் தவறை அளக்காதா என்று கேட்கலாம். அளக்கும். ஆனால் அந்த ஆய்விலேயே, எளிய நிலைகளை விரும்பி ஆடுபவருக்கு எண் சாதகமாக அமையும் என்ற கேள்வி வந்து, நிலையின் சிக்கலையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளின் துல்லியச் சதவீதத்துக்கும் இதே குறை உண்டு. இருபது நகர்த்தலில் காய்களை எல்லாம் வெட்டி முடித்த டிராவுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சதவீதம் வரும். வலுவான எதிராளியோடு நான்கு மணி நேரம் மல்லுக்கட்டித் தோற்ற ஆட்டத்துக்கு எண்பது வரலாம். இரண்டாவதுதான் நல்ல ஆட்டம், கற்க நிறைய உள்ள ஆட்டம். சதவீதத்தைப் பார்த்துப் பிள்ளையைத் திட்டும் பெற்றோர், சிக்கலான நிலைக்கே போகாதே என்று அதற்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

கடைசி மறுப்பு நம் ஊர்ப் பக்கத்தது. அதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். சென்னையில் கிராண்ட்மாஸ்டர்கள் நடத்தும் பயிற்சிக்கூடங்கள் இருக்கின்றன. செஞ்சிப் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குக் கிராண்ட்மாஸ்டர் எங்கே கிடைப்பார்? அந்தப் பிள்ளைக்குச் செலவில்லாமல் கிடைக்கும் ஒரே பெரிய ஆசிரியர் கைப்பேசியில் இருக்கும் எஞ்சின்தான். அதையும் குறை சொல்லலாமா? இந்தக் கேள்வியில் பெரும் நியாயம் இருக்கிறது. 1997-இல் காஸ்பரோவை வென்ற டீப் புளூ ஐபிஎம் நிறுவனத்தின் பெரிய இயந்திரம். அதைவிட வலுவாக ஆடும் எஞ்சின் இன்று பனமலையில் ஒரு மாணவியின் கையில் இருக்கிறது. இந்தச் சமத்துவத்தை நான் கொண்டாடுகிறேன். ஆனால் சென்னைப் பிள்ளைக்குக் கிடைப்பது எஞ்சின் மட்டும் இல்லை. 'இந்த நகர்த்தலை ஏன் செய்தாய்?' என்று எதிரே உட்கார்ந்து கேட்கும் ஒரு மனிதரும் கிடைக்கிறார். இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் இடையில் மிஞ்சியிருக்கும் இடைவெளி அந்தக் கேள்விதான். அந்தக் கேள்வியைக் கேட்கக் கிராண்ட்மாஸ்டர் தேவையில்லை. சோவியத் சாம்பியன் போட்வின்னிக், தன் ஆட்டங்களுக்குத் தானே குறிப்பு எழுதி அச்சில் வெளியிட வேண்டும், அப்போதுதான் மற்றவர்கள் பிழையைச் சுட்டுவார்கள் என்று வற்புறுத்தியவர். அச்சு வேண்டாம். ஒரே பள்ளியில் செஸ் ஆடும் இரண்டு பிள்ளைகள் நோட்டை மாற்றிக்கொண்டு, ஒருவர் ஆட்டத்துக்கு மற்றவர் கேள்வி எழுதலாம். சதுரங்க விதிகள் மட்டும் தெரிந்த உடற்கல்வி ஆசிரியர்கூட, 'இங்கே இருபது நிமிடம் யோசித்திருக்கிறாயே, என்ன பார்த்தாய்?' என்று கேட்க முடியும். பிள்ளை பதில் சொல்லத் தொடங்கும்போதே பாதித் தவறு வெளியே வந்துவிடும். மீதியை எஞ்சின் சரிபார்க்கும்.

இந்த அவையில் பள்ளி ஆசிரியர்கள் பலர் இருப்பதால் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த முறை உங்கள் பள்ளியில் செஸ் போட்டி நடத்தும்போது, வென்றவர்களுக்குரிய பரிசுகளோடு இன்னொரு பரிசும் வையுங்கள். தான் தோற்ற ஓர் ஆட்டத்தின் ஸ்கோர்ஷீட்டைக் கடிகார நேரத்தோடு கொண்டுவந்து, எஞ்சினைத் திறப்பதற்கு முன் எழுதிய குறிப்பையும் திறந்த பின் எழுதிய குறிப்பையும் அருகருகே வைத்துக் காட்டும் மாணவருக்கு அந்தப் பரிசு. குறிப்பில் எஞ்சினோடு எத்தனை இடம் ஒத்துப்போனது என்று பார்க்காதீர்கள். முதல் குறிப்பில் எவ்வளவு உண்மையாக எழுதியிருக்கிறார், இரண்டாவதில் அதிலிருந்து எதைக் கண்டுபிடித்திருக்கிறார் என்று பாருங்கள். பரிசு பெற்ற குறிப்பைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டி வையுங்கள், கீழ் வகுப்புப் பிள்ளைகள் படிக்கட்டும்.